பாரிஸ் நகரில் உட்காருமிடம்: ஒரு குடும்பச் சுற்றுலாவை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

குடும்பத்தோடு பாரிஸுக்குப் போகிறவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள் என்ற வினாவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று: ஈஃபில் கோபுரம், மோனா லிசா, சொந்தக்காரர்களுக்கு அனுப்பி வயிற்றெரிச்சலைக் கிளப்பப் புகைப்படம். மூன்றுமே மேலோட்டமானவை. மூன்று தலைமுறை சேர்ந்து போகும் எந்தக் குடும்பமும், நகருக்குள் கால் வைத்த ஒரு மணி நேரத்தில், ஒன்றே ஒன்றைத்தான் தேடத் தொடங்குகிறது: உட்கார ஓர் இடம். கோபுரமும் ஓவியமும் தேவாலயமும் ஓர் உட்காருமிடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே தற்செயலாக எதிர்ப்படுபவை. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வாளர், ஆய்வுக்கு உட்பட்ட குடும்பத்தின் மருமகன். பைகளைச் சுமந்தவரும் அவரே. எனவே தரவுகள் இடது தோள்பட்டைப் பக்கம் சற்றே சாய்ந்திருக்கலாம்.

கோட்பாட்டுக்காக ஐரோப்பிய அறிஞர்களிடம் கையேந்த வேண்டியதில்லை. நம் அகத்திணை மரபு ஐந்து திணைக்கும் உரிப்பொருள் வகுத்துத் தந்திருக்கிறது. ஷாத்லே மெட்ரோ நிலையத்தில் கதவு மூடி, பாதிக் குடும்பம் வண்டியிலும் பாதி நடைமேடையிலுமாக ஒருவரையொருவர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டது பாலை. ‘இந்த வழியா வரலாம்னு சொன்னது யாரு?’ என்று அதன்பின் தொடங்கியது மருதம். ஒரு காபியின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மாமனார் விட்ட பெருமூச்சு நெய்தல். குறிஞ்சிக்கு வாய்ப்பில்லை, விடுதி அறையில் மகள் நடுவில் படுத்திருந்தாள். எஞ்சுவது முல்லை. அதன் உரிப்பொருளான இருத்தல் என்பது தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருப்பது என்பர் உரையாசிரியர். கழிப்பறை வரிசைக்கு வெளியே கைப்பைகளோடு ஆற்றியிருந்த ஆய்வாளர் உரையாசிரியரோடு முற்றும் உடன்படுகிறார். தலைவனையும் தலைவியையும் இடம் மாற்றிக்கொண்டால் போதும்.

முன்னாய்வு என்று ஒன்று உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், அருங்காட்சியகச் சோர்வைப் பற்றி 1916இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காட்சிப் பெட்டிகளின் முன்னால் ஒரு மனிதர் குனிந்தும் வளைந்தும் எட்டியும் பார்ப்பதைப் படமெடுத்துப் போட்டு, சும்மா பார்ப்பதற்கே உடம்பு எவ்வளவு பாடுபடுகிறது என்று காட்டினார். மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் அவருடைய மனிதர் தனியாள். கூட மாமியார் வரவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை தீர்க்கிறது.

முதற்களம் லூவ்ர். காட்சிப் பரப்பு மட்டும் 70,000 சதுர மீட்டருக்கு மேல். இதை அளக்க மாமனார் பயன்படுத்திய அலகு ‘கொஞ்ச தூரம்’. கண்ணாடிப் பிரமிடிலிருந்து மோனா லிசாவுக்குக் கொஞ்ச தூரம். அங்கிருந்து வெளியே போகும் வாசலுக்கும் கொஞ்ச தூரம். இரண்டும் சமமா என்று மைத்துனன் கேட்டதற்கு, ‘பேசாம நடடா’ என்ற விடை கிடைத்தது. இது அலகின் வரையறையாக ஏற்கப்படுகிறது. மோனா லிசாவின் உயரம் 77 சென்டிமீட்டர், அகலம் 53. அதைப் பார்க்க வரிசையில் நெளிந்து, தூக்கிய கைபேசிகளுக்கு நடுவே கழுத்தை நீட்டி, முன்னால் போய் நின்றதும் நகரச் சொல்லிவிடுகிறார்கள். மாமியார் நகர்ந்தார், ஆனால் திரும்பி நகர்ந்தார். அந்த ஒரு திருப்பத்தில் இந்த ஆய்வின் முதன்மைத் தரவு கிடைத்தது.

மோனா லிசாவுக்கு நேரெதிர்ச் சுவரில் வெரோனேசே 1563இல் முடித்த ‘கானா ஊர்த் திருமணம்’ தொங்குகிறது. கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். லூவ்ரிலேயே பெரிய ஓவியம் அதுதான். கூட்டம் முழுக்க அதற்கு முதுகு காட்டி நிற்கிறது. மாமியார் அதைப் பார்த்துச் சொன்னது: ‘எல்லாரும் பந்தியில எவ்வளவு சவுரியமா உக்காந்திருக்காங்க பாருங்க மாப்ள.’

கலை வரலாற்றாளர் பலர் தொடாத புள்ளி இது. அந்த ஓவியம் வெனிஸில் ஒரு பெனடிக்ட் மடத்தின் உணவுக்கூடத்துக்காக வரையப்பட்டது. துறவிகள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பார்ப்பதற்காக. 1797இல் நெப்போலியனின் படை அதைக் கழற்றிப் பாரிஸுக்குக் கொண்டுவந்தது. ஓவியம் கொள்ளை போனதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். பெஞ்சுகளை வெனிஸிலேயே விட்டுவிட்டு வந்ததைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஈஃபில் கோபுரத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. படிக்கட்டுச் சீட்டு மின்தூக்கிச் சீட்டைவிட மலிவு என்று மாமனார் கண்டுபிடித்துவிட்டதால் இரண்டாம் தளம் வரை 674 படிகள். பழனி மலைப்படிகளும் ஏறக்குறைய அதே கணக்குதான் என்று அவர் ஊக்கமூட்டினார். ‘பழனியில ஏறுனா மேல முருகன் இருப்பார். இங்க மேல யாரு இருக்கா?’ என்று கேட்டுவிட்டு மாமியார் கீழே ஒரு குட்டைச் சுவரில் அமர்ந்துகொண்டார். உச்சித் தளத்தின் ஓர் அறையில் ஈஃபிலும் எடிசனும் மெழுகுருவங்களாக இருக்கிறார்கள் என்பது ஆய்வாளருக்குத் தெரியும். அவர்களுக்காக யாரும் காவடி எடுப்பதில்லை என்பதால் சொல்லவில்லை.

பொருளியல் நோக்கில் பார்த்தால், பாரிஸ் நகரம் நாற்காலியை வெறும் நாற்காலியாக என்றுமே கருதியதில்லை. லுக்ஸம்பர்க் பூங்காவின் பச்சை இரும்பு நாற்காலிகள் 1923இலிருந்து வருபவை. அதற்கு முன்பும் பின்பும் அங்கே உட்காருவதற்கு வாடகை உண்டு. உட்கார்ந்தவர்களிடம் காசு வாங்கிச் சீட்டுக் கிழிக்கவே பெண்கள் சுற்றிவருவார்கள். 1974இல்தான் அது நின்றது. இன்று இலவசம், எங்கும் கட்டிப்போடுவதில்லை, சரளைக்கல் மீது கரகரவென்று இழுத்துக்கொண்டு போய் வெயிலிலோ நிழலிலோ போட்டுக்கொள்ளலாம். இந்த வரலாற்றைக் கேட்ட மாமியார், ‘அப்படின்னா ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கலாம்’ என்றார். இரண்டாவது, காலை நீட்ட. குளத்தில் பிள்ளைகள் குச்சியால் பொம்மைப் பாய்மரக் கப்பலைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஃபிரெஞ்சு நாடாளுமன்றத்தின் மேலவை கூடும் மாளிகை. உள்ளே இருப்பவர்களும் உட்காருமிடத்துக்காகத்தான் தேர்தலில் நிற்கிறார்கள் என்று மைத்துனன் சொன்னது ஆய்வுக்கு வெளியே என்றாலும் பதிவு செய்யப்படுகிறது.

வாடகை உண்மையில் ஒழியவில்லை. காபிக்கடைக்கு இடம் மாறியிருக்கிறது. அதே காபியைக் கல்லா மேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. இரண்டையும் பட்டியலில் எழுதியே வைத்திருக்கிறார்கள். வித்தியாசத்துக்கான பணம் பாலுக்கோ சர்க்கரைக்கோ போகவில்லை, நாற்காலிக்குப் போகிறது. ‘நின்னுக்கிட்டே குடிச்சா தொண்டையில இறங்காதா?’ என்பது மாமனாரின் நிலைப்பாடு. ‘நான் காபி குடிக்க வரலீங்க, உக்கார வந்தேன்’ என்பது மாமியாரின் நிலைப்பாடு. தெருவைப் பார்த்து வரிசையாகப் போட்ட பிரம்பு நாற்காலிகளில் குடும்பம் முழுவதும் அமர்ந்தது. இரண்டு காபி மட்டும் சொல்லப்பட்டது. பரிமாறுபவர் எதுவும் பேசவில்லை. அவர் பேசாமலிருந்த விதத்தை மொழிபெயர்க்க ஃபிரெஞ்சு தெரிந்திருக்கத் தேவையில்லை.

தெருவோர பெஞ்சுகளைப் பற்றிக் குறிப்பிடாவிட்டால் ஆய்வு நிறைவுறாது. நகரை ஓஸ்மான் இடித்துக் கட்டிய காலத்தில் கட்டடக் கலைஞர் கப்ரியேல் தாவியூ வடிவமைத்த இரட்டை பெஞ்சு இன்றும் சாலையோரங்களில் நிற்கிறது. நடுவே ஒரே முதுகுச்சாய்வு, இரு பக்கமும் இருக்கை. சண்டை போட்ட குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரச்சாமான் உலகில் இல்லை. ஷாத்லே மருதம் தீராத நிலையில் மாமனார் சாலையைப் பார்த்தும் மாமியார் கடைகளைப் பார்த்தும் முதுகோடு முதுகாக அரை மணி நேரம் இருந்தார்கள். நடுவில் தண்ணீர் பாட்டில் மட்டும் போய்வந்தது.

புனித இதயப் பேராலயத்தின் படிகளில் மக்கள் கூட்டமாக உட்கார்ந்து நகரைப் பார்க்கிறார்கள். ரோமில் ஸ்பானியப் படிகளில் உட்கார்ந்தால் 2019இலிருந்து அபராதம். ஐரோப்பிய ஒன்றியம் வாழைப்பழத்துக்குக்கூடப் பொதுத்தரம் வகுத்திருக்கிறது. படியில் உட்காருவதற்கு வகுக்கவில்லை.

நகரில் நிரந்தர இருக்கை பெற்றவர் ஒருவரே, சிற்பி ரோதானின் ‘சிந்தனையாளர்’. 1880இல் ‘நரகத்தின் வாயில்’ என்ற பெரும் படைப்புக்காக உருவானவர். 1906இல் பந்தேயோன் மண்டபத்தின் முன்னால் குடியேறி, 1922இல் ரோதான் அருங்காட்சியகத் தோட்டத்துக்கு இடம் மாறினார். இரண்டு இடமாற்றத்திலும் உட்கார்ந்தபடியே போனார். ‘இவரு என்னத்த யோசிக்கிறாரு?’ என்று மகள் கேட்டாள். ‘எந்திரிச்சா இடம் போயிருமேன்னு’ என்றார் மாமியார். ரோதான் ஆய்வுலகம் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

ஒப்பீட்டுக் களமாக, கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் லா ஷாப்பெல். ஈழப் போர்க்காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் ஊன்றி வளர்த்த தெருக்கள். தமிழ்ப் பெயர்ப்பலகை, புடைவைக் கடை, நகைக்கடை, கத்தரிக்காய் முருங்கைக்காய். ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் மேசையைத் துடைத்துக்கொண்டே, ‘வாங்கோ அம்மா, இருங்கோ’ என்றார். லூவ்ரில் நகரச் சொன்னார்கள், மெட்ரோவில் மடக்கு இருக்கையை நெரிசல் நேரத்தில் மடக்கச் சொல்லி எழுதி ஒட்டியிருந்தார்கள். இந்த நகரத்தில் மாமியாரை உட்காரச் சொன்னவர் இவர் ஒருவர்தான். கொத்துரொட்டி வருவதற்குள் அவர் எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை, எல்லாம் தெரிந்துவிட்டது. மாமனார் பில்லை ரூபாயில் பெருக்கவில்லை.

சேன் நதிப் படகில் கருதுகோள் தலைகீழாகிறது. உட்காருபவர் உட்கார்ந்திருக்க, லூவ்ரும் நோத்ர்தாமும் தாமாக நடந்து வந்து முகம் காட்டிவிட்டுப் போகின்றன. சுற்றுலாத்துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இது. 1949இல் இந்தப் படகு நிறுவனத்தைத் தொடங்கிய ழான் ப்ருயேல், 1953 ஏப்ரல் முதல் தேதியில் இன்னொரு காரியமும் செய்தார். தம் ‘மூஷ்’ படகுகளுக்குப் பெயர் தந்தவர் ழான் செபஸ்தியான் மூஷ் என்னும் மேதை என்று ஒரு வாழ்க்கை வரலாறே புனைந்து, மார்பளவுச் சிலையும் வைத்து விழா எடுத்தார். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. லியோன் நகரின் ஒரு படகுகட்டும் பகுதியின் பெயர் அது. இக்கட்டுரை சார்ந்த துறையின் ஆதி ஆசிரியர் என்று ப்ருயேலை ஆய்வாளர் வணங்குகிறார்.

படகு இறங்கும்போது மாமனார் அறிவித்தார்: மறுநாள் வெர்சாய் அரண்மனை. கண்ணாடி மண்டபம் மட்டும் 73 மீட்டர் நீளம், மற்றபடி எல்லாம் கொஞ்ச தூரம்தான். அங்கே பழைய அரசவை வழக்கில் ராணியின் முன்னால் உட்காருவதே பட்டமாகத் தரப்பட்ட உரிமை, கோமகளாக இருந்தால் முதுகுச்சாய்வு இல்லாத ஒரு சிறு முக்காலி கிடைக்கும், அதற்காகக் குடும்பங்களுக்குள் பகையே மூளும் என்று ஆய்வாளர் எச்சரித்தார். மாமியார் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டபடி கவனமாகக் கேட்டார்.

‘அந்த முக்காலிய இப்பவும் அங்கதான் வச்சிருக்காங்களா மாப்ள?’