அஜினமோட்டோவுக்கு முறைப்படி பயப்படுவது எப்படி?

பயம் எல்லோருக்கும் வரும். முறையாகப் பயப்படத்தான் பயிற்சி வேண்டும். இந்தத் துறையில் பல வருஷம் பழுத்த அடியேனின் குறிப்புகள் இவை.

1. ஆர்டரோடு சேர்த்தே எச்சரியுங்கள். "அண்ணே, ஒரு சிக்கன் ரைஸ். அஜினமோட்டோ மட்டும் போட்டுராதீங்க." தள்ளுவண்டி மாஸ்டர் வாணலியை உலுக்கிக்கொண்டே "சரி சார்" என்பார். வெள்ளை டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு சோயா சாஸ் பாட்டிலைக் கவிழ்ப்பார். அந்த நேரத்தில் நீங்கள் போனைப் பார்க்க வேண்டும். சோயா புளிக்கும்போது புரதம் உடைந்து வெளிவருவதும் அஜினமோட்டோவில் இருக்கும் அதே குளூட்டமேட்தான்.

2. முழுப்பெயர் சொல்லியே திட்டுங்கள். 'மோனோ சோடியம் குளூட்டமேட்' என்றால் ஆலைப் புகை வாசம் வரும். 1908இல் டோக்கியோவில் கிகுனே இகெடா என்ற பேராசிரியர், கொம்பு என்னும் கடற்பாசிச் சாறு ஏன் இவ்வளவு ருசிக்கிறது என்று தேடிப்போய்ப் பிரித்தெடுத்தது என்று சொன்னால் பாதி பயம் போய்விடும். பழுத்த தக்காளியில் குளூட்டமேட் இருப்பதை ரசம் வைப்பவரிடம் சொல்லாதீர்கள். தாய்ப்பாலில் தனித்து இருக்கும் அமினோ அமிலங்களில் அதற்கே முதலிடம் என்பதைப் பிள்ளை பெற்ற வீட்டில் மூச்சுவிடாதீர்கள்.

3. சுண்டெலியைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள். 1969இல் ஜான் ஓல்னி என்ற அமெரிக்க விஞ்ஞானி, பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளுக்கு இதைக் கொடுத்தார். மூளையில் செல்கள் செத்தன. இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொடுத்தது ஊசி வழியாக என்பதையும், கிலோ எடைக்கு 0.5 முதல் 4 கிராம் வரை என்பதையும் விழுங்கிவிடுங்கள். 60 கிலோ ஆளுக்கு அது 30 முதல் 240 கிராம். பிளேட்டில் விழுவது பெரும்பாலும் அரை கிராமுக்கும் கீழே.

4. குடலைப் பேச விடாதீர்கள். சாப்பிட்ட குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடல் சுவரின் செல்களே எரிபொருளாக்கித் தீர்த்துவிடுகின்றன. மூளைக்குள்ளும் குளூட்டமேட் உண்டு. நரம்புக்கு நரம்பு சேதி கடத்துவது அதன் வேலை. ஆனால் மூளை தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்ளும். ஹோட்டல் சாப்பாடு அதற்கு ஆகாது.

5. தலை வலித்தால் உடனே தீர்ப்பு எழுதுங்கள். 1968இல் ராபர்ட் ஹோ மான் க்வாக் என்ற டாக்டர், சீன உணவகத்தில் சாப்பிட்டால் தன் பிடரி மரத்துப்போகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சோயா சாஸ், சமையலுக்கு ஊற்றும் மது, உப்பு, குளூட்டமேட் என்று பல பேரைச் சந்தேகப்பட்டார். உலகம் ஒரே ஆளைப் பிடித்து உள்ளே போட்டது. நீங்களும் ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டு பிளேட் தின்றதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

6. சோதனைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். தங்களுக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 130 பேருக்கு, எது அசல் எது போலி என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள்; முடிவு 2000இல் வந்தது. சுற்றுக்குச் சுற்று ஆட்கள் உதிர்ந்தார்கள். கடைசிவரை ஒரே மாதிரி அறிகுறி காட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெறும் வயிற்றில் 3 கிராமுக்கு மேல் போனால் சிலருக்குக் கொஞ்ச நேரம் தலைவலியோ படபடப்போ வரலாம் என்பது உண்மைதான். நமக்கு அந்த அளவு உண்மை போதாது.

7. உப்பின் மேல் சந்தேகம் வேண்டாம். சமையல் உப்பில் சோடியம் 39 சதவீதம், அஜினமோட்டோவில் 12 தான். இருந்தாலும் உப்பு நம் வீட்டுப் பிள்ளை. பார்சலைப் பிரித்து ஒரு வாய் வைத்ததும் சப்பென்று இருக்கிறதா? அஜினமோட்டோ போடாததால் அப்படித்தான் இருக்கும். தைரியமாக ஊறுகாய் பாட்டிலைத் திறங்கள். தின்று முடித்ததும் பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.