மழையை ஒத்திவைக்கக் கோரும் மனு

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், மலேசிய வானிலை ஆய்வுத் துறை, ஜாலான் சுல்தான், பெட்டாலிங் ஜெயா.
அனுப்புநர்: ஜாசின் வட்டார மலையேறிகள் சிலர், மலாக்கா.



தங்கள் துறையால் எங்கள் ஜி7 முடியாமல் கிடக்கிறது. வல்லரசுத் தலைவர்கள் கோட்டு சூட்டோடு கைகுலுக்கும் மாநாட்டை நாங்கள் சொல்லவில்லை. தீபகற்ப மலேசியாவில் 7,000 அடியைத் தாண்டிய ஏழு மலைகளைச் சொல்கிறோம்: தாஹான், கொர்பு, யோங் பெலார், காயோங், சாமா, யோங் யாப், உலு செப்பாட். இவற்றில் ஒன்றுகூட மலாக்காவில் இல்லை. எங்களுக்கு வாய்த்தது புக்கிட் பெருவாங். அசகானில் நின்றால் 1,276 மீட்டர் லேடாங் கண்ணை நிறைக்கும். ஆனால் உச்சி ஜொகூருக்குச் சொந்தம்.

நாடு மீட்டருக்கு மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. எங்கள் பட்டியல் மட்டும் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன அடிக்கணக்கிலேயே நிற்கிறது. பேராக்கின் பத்து பூத்தே 2,131 மீட்டர். 7,000 அடியைத் தொட இன்னும் மூன்று மீட்டர்கூட வேண்டாம். ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறி நின்றால் சரியாகிவிடும். ஆனாலும் அதற்கு இடமில்லை. பட்டியலில் இல்லாத மலைக்கு நாங்கள் போவதுமில்லை.

இனி புகார். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. தங்கள் அறிக்கையைப் பார்த்து மலைப்பாதைகளை மூடிவிடுகிறார்கள். ஏப்ரலில் இடைப்பருவம்: மத்தியானம் வரை சிரிக்கிற வானம், மூன்று மணிக்கு இடிக்கிறது. ஜூனில் ஓய்ந்ததென்று மூட்டையைக் கட்டினால், சில ஆண்டுகளில் நீரிணைக்கு அப்பால் சுமத்ராவில் எரிகிற காட்டின் புகைமூட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் விடுப்புப் பாரத்தில் மேலாளர் கையெழுத்துப் போட்டாயிற்று. அந்த நாளில் மழைக்கு அனுமதி கொடுத்தது யார்?

தாங்கள் வெளியிடும் எச்சரிக்கைகளை நாங்கள் படிப்பதில்லை என்று எண்ண வேண்டாம். மஞ்சள் என்றால் மழைச்சட்டை எடுக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் கைப்பேசிக்குக் கூடுதலாக ஒரு பிளாஸ்டிக் பை. சிவப்பு என்றால் வீட்டில் சொல்லாமல் கிளம்ப வேண்டும். மேலே பெய்தது கெப்பாலா ஆயேராகத் திரண்டு, கீழே வெயிலில் நிற்பவரை அடித்துப்போகும் என்பதும் தெரியும். தெரிந்தும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிறோம், ஐந்து முடித்தவருக்கு ஆறு வேண்டுமே! பொம்பாக்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் இறக்கிய நண்பருக்கு அந்த மலை கணக்கில் சேருமா என்பது எங்கள் வாட்சாப் குழுவில் இன்னும் தீராத வழக்கு. அவர் கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

உச்சியில் எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்தால் எல்லாவற்றிலும் பின்னணி ஒன்றே: வெள்ளை. பெயர்ப்பலகை இல்லாவிட்டால் எது கொர்பு, எது யோங் பெலார் என்று எங்களுக்கே தெரியாது. ஏழு பலகையையும் ஒரு வெள்ளை வேட்டியையும் புக்கிட் பெருவாங்கில் கட்டிவைத்தால் ஒரே காலையில் முடித்துவிட்டுப் பசியாறப் போகலாம் என்றார் ஒருவர். அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு எங்கள் துன்பம் விளங்குவதில்லை. பட்டை நனைந்தால் பால்மரம் வெட்ட முடியாது. பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, வானத்தைப் பார்த்துவிட்டு, அன்றைய கூலி இல்லாமல் லயத்துக்குத் திரும்பியவர்கள் அவர்கள். “மழையில நனைஞ்சி அட்டைக்கு ரத்தம் குடுக்க நீங்க காசு வேற கட்டுறீங்களா?” என்று ஒரு பாட்டி கேட்டார். பதிலுக்கு டீ-சட்டையில் அச்சடித்த ஏழு மலைகளைக் காட்டினோம். முதலில் அதைத் துவைக்கச் சொன்னார்.

1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாக்காவிலிருந்து லேடாங்கிற்குப் போனபோதும் சேறும் அட்டையும்தான். தாகத்துக்குக் குடுவைச்செடிக்குள் பூச்சி மிதந்த நீரைக் குடித்தார். அவராவது வண்டும் பறவையும் தேடிப் போனவர். அவருக்கும் முன்னால், செஜாரா மெலாயு சொல்லும் கதையில், லேடாங் இளவரசி சுல்தான் மஹ்மூதுக்கு நீட்டியதும் ஒரு பட்டியல்தான். தங்கப் பாலம், ஏழு தட்டு கொசு இருதயம் என்று நீண்டு, மகனின் இரத்தம் என்ற இடத்துக்கு வந்ததும் சுல்தான் போதுமென்று விட்டுவிட்டார். மலாக்காவில் பட்டியலைப் பாதியில் விட்ட புத்திசாலி என்று எங்களுக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

ஆகவே, எங்கள் விடுப்பு நாட்களில் மழையை ஒத்திவைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். அது தங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்றால் இன்னொன்றாவது செய்யுங்கள். அடுத்த சிவப்பு எச்சரிக்கையில் ‘பொதுமக்கள் மலைக்கும் ஆற்றுக்கும் செல்ல வேண்டாம்’ என்பதற்குக் கீழே, ‘ஜாசின் மலையேறிகளே, இது உங்களுக்கும்தான்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பொதுமக்கள் என்றால் வேறு யாரோ என்று இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.