பி.பி. நம்பர்

எண்பதுகளில் திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கே ஒரு போன்தான். மனுப் போட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். கல்யாணப் பத்திரிகை, வேலைக்கான விண்ணப்பம், கடை பில் புத்தகம் எல்லாவற்றிலும் அந்த வீட்டு எண்ணையே போட்டுப் பக்கத்தில் பி.பி. என்று எழுதிக்கொள்வோம்.

அந்த வீட்டு அத்தை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பார். "பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடச் சொல்லியிருக்கேன், ஓடியா!" டிரங்க் காலில் ஆளைக் காக்க வைத்தால் காசு ஏறும் என்று அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் பேசினால் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பமாட்டார், அம்மாவிடம் தானே வருவார். தாத்தா தவறிய செய்தி வந்த அன்று அவர் குரலே கொடுக்கவில்லை. நேரே எங்கள் அடுப்படிக்கு வந்தார். அம்மாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். அடுப்பை அணைத்தார். அதன் பிறகுதான் சொன்னார். இன்று கால் ஃபார்வர்டிங் என்கிறோமே, அதை இவ்வளவு பக்குவமாகச் செய்தவரை நான் பார்த்ததில்லை.

அம்மா இப்போது எங்கள் திண்டுக்கல் வீட்டில் தனியாக இருக்கிறார். ஃபைபர் இணைப்போடு வந்த போன் கூடத்தில் இருக்கிறது. பழைய செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியே மின்சாரம் கொடுத்தது. ஊரே இருண்டாலும் மணி அடிக்கும். இதுவோ கரண்ட் போனால் மோடத்தோடு சேர்ந்து செத்துவிடும். ஆனால் அழைப்பைத் திருப்பும் வேலை கம்பெனியின் சர்வரில் நடப்பதால், வீட்டுப் போன் அணைந்திருந்தாலும் அழைப்பு வேறு எண்ணுக்குப் போய்ச் சேரும். இது பெரிய வசதி. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அவசியம் செய்து வைக்க வேண்டியது.

எல்லா அழைப்பையும் திருப்புவதை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். அம்மாவின் போன் அதன்பின் மணியே அடிக்காது. எடுக்காவிட்டால் ஒரு எண், இணைப்பில் இல்லாவிட்டால் இன்னொரு எண் என்று தனித்தனியாக வைக்கலாம். திருப்புவதற்கு முன் எவ்வளவு நேரம் மணி அடிக்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், லேண்ட்லைன் 60 விநாடி அடிக்க வேண்டும் என்று விதி வகுத்தது. முட்டிவலியோடு கொல்லையிலிருந்து நடந்து வருகிற அம்மாவுக்கு 20 விநாடி என்று வைத்தால் எப்படிப் போதும்? 40 வைத்தேன்.

ஒன்றை அம்மாவிடம் அழுத்திச் சொல்லி வைத்தேன்: கூரியர்காரன், பேங்க்காரன் என்று யார் சொன்னாலும் செல்போனில் நட்சத்திரக் குறியோடு 21 என்று தொடங்கும் எண்ணை அழுத்தக் கூடாது. அழைப்புகள் திருடனுக்குப் போகும். குரலில் வரும் ஓடிபியும் அவன் காதில்தான் விழும். அந்த மோசடிக்காகவே 2024 ஏப்ரல் 15 முதல் குறியீட்டை அழுத்தி அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்தி வைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

யார் எண்ணுக்குத் திருப்புவது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். கரண்ட் போன நேரத்து அழைப்பு பெங்களூரில் இருக்கும் எனக்கே வரட்டும். ஆனால் 40 விநாடி அடித்தும் அம்மா எடுக்கவில்லை என்றால், என் கையில் ஒலிக்கும் மணியால் என்ன பயன்? அந்த நேரத்தில் எழுந்து போய்க் கதவைத் தட்டக்கூடிய ஆள் வேண்டும். எதிர்வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். வேண்டாத அழைப்புகளும் வரும் என்பதையும் சொன்னேன்.

"என் நம்பரையே போடுங்கக்கா. சாவி ஒண்ணும் எங்கிட்ட கொடுத்து வைங்க" என்றாள்.