தைலப் பாயிரம்

என் மைத்துனர் வீட்டுக் கொல்லையில் காய்ச்சிப் புட்டியிலடைத்து விற்கும் தலைவலித் தைலத்துக்கு வாடிக்கைக்காரர்களிடம் நற்சாட்சிப் பத்திரங்கள் திரட்டித் தரும் பொறுப்பு, தமிழ் படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக என்மேல் சுமத்தப்பட்டமையால், இவ்விஷயத்தைப் பூர்வாசாரியர்கள் காட்டிய நெறியில் நின்று விசாரிக்கத் துணிந்தேன்.

எத்துணை வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாதென்பது பவணந்தி முனிவர் நன்னூலில் கூறும் விதி. ஆகவே, நூலைப் புகழ்ந்துரைக்கும் சிறப்புப் பாயிரம் பிறர் சொல்லக் கடவது. சொல்லத் தகுந்தோர் நால்வர். அவர்களைத் தைலத்துக்குப் பொருத்துமிடத்து:

ஆசிரியன்: காய்ச்சும் பக்குவம் சொல்லிக்கொடுத்த வைத்தியர். காலமாகிவிட்டார்.

உடன் கற்றோன்: அடுத்த தெருவில் போட்டித் தைலம் விற்கிறார், கேட்கலாகாது.

மாணாக்கன்: கடைப்பையன். சம்பளப் பாக்கி தீருமட்டும் வாய் திறவான்.

உரைகாரன்: அடியேன்.

விலைகொடுத்து வாங்கியவன் இந்நால்வரில் இல்லையென்பது நுட்பமாக நோக்கத் தக்கது. நூலைப் பிரித்தும் பாராமல் அதற்குப் பத்து விருத்தம் சாற்றுக்கவி வழங்கும் வித்துவான்கள் இவ்விதியின் உட்பொருளை நன்கு உணர்ந்தவர்களே.

வாங்கியவனுக்கும் வாய் முளைத்தது, 1879ஆம் ஆண்டில் காலணாக் கார்டு வந்த பிறகுதான். நாங்கள் பலருக்கு எழுதிக் கேட்டதில் திரும்பி வந்த கார்டு ஒன்று. அதன் வாசகம்: "தைலம் வந்தது, தலைவழி போயிற்று."

இந்த ழகரத்தின்மேல் எழுந்த வாதங்கள் மூன்று. 'தலைவலி' என்பதே மூலபாடம், ழகரம் ஏடெழுதுவோர் பிழை என்பது ஒரு சாரார் கொள்கை. அச்சாராரில் என் மைத்துனர் ஒருவரே உளர். புட்டி உடைந்து தைலம் யார் தலைவழியாகவோ ஒழுகிற்று என்பது என் மனைவியின் துணிபு. உடன்பிறந்தாரின் கார்க்கு அடைப்பை நெடுநாள் அறிந்தவளாதலின் இதனை எளிதில் தள்ளுவதற்கில்லை. தலைவாயில், தலைநகர் என்பனபோலத் தலைவழி என்பது பிரதான சாலையைக் குறிக்குமென்பதும், தைலம் அச்சாலையில் பிரயாணம் செய்ததென்பதும் என் சொந்தக் கண்டுபிடிப்பு. இதற்கு ஆதாரமாக, எதிர்வீட்டுப் பரணிலிருந்து எடுக்கப்பட்டதும், முதலேடும் கடையேடும் நடுவேடும் இல்லாததும், எஞ்சியதில் கரையான் இட்ட துளைகளை எழுத்தென்று கொண்டால் என் கொள்கைக்குப் பெரிதும் அனுகூலமாயிருப்பதுமான ஓர் ஓலைச்சுவடியைக் காட்டுவேன். அதனைக் கண்டவர் என்னையன்றிப் பிறரில்லை. ஆதலின் மறுப்பாரும் இல்லை. இம்முறையிலேயே சங்ககாலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் தள்ளுகிறவர்கள் இருக்க, ஒரு புட்டித் தைலத்தை நான் நகர்த்தலாகாதா?

ஐயம் தீர, பதில் கார்டும் சேர்ந்த ஜோடிக் கார்டு ஒன்று அந்த வாடிக்கைக்காரருக்கே எழுதிப்போட்டோம். பதில் வந்தது. தபால்காரர் வாய்க்காலைக் கடக்கையில் பார்சலைத் தலையில் வைத்தாராம். புட்டி உடைந்து தைலமெல்லாம் தலைவழி போயிற்றாம். அவருக்கிருந்த மூன்று வருஷத்துத் தலைவலியும் அன்றோடு போயிற்றாம். தமக்குச் சேரவேண்டிய பணத்தை உடனே திருப்பியனுப்பவேண்டுமாம்.

ஆகவே இரு பாடமும் சரியே. கடைசி வாக்கியத்தை மட்டும் இடைச்செருகல் என்று நீக்கிவிட்டு, மைத்துனர் மற்றதை அச்சுக்குக் கொடுத்தார்.