கொலுப்படி யுத்தம்: மரப்பாச்சியைப் படைத்தலைவராக நியமிப்பது குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

சிறு பொம்மைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டை எங்கிருந்து தொடங்குவது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. ஆய்வுக்களம் செம்பூரில் ஒரு ஒன் பிஹெச்கே வீடு. ஆய்வுக்காலம், விஜயதசமி இரவு ஒரு பொம்மையைச் சம்பிரதாயத்துக்குப் படுக்க வைத்ததற்கும், மற்றவற்றைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றியதற்கும் இடைப்பட்ட நான்கு நாட்கள். நிதியுதவி எவரும் செய்யவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஆய்வைத் தூண்டியவன் பதின்மூன்று வயதுப் பேரன். கைபேசியில் அவன் காட்டிய தொடக்கப்பெட்டியில் பத்துப் பன்னிரண்டு பொம்மைகள், வர்ணம் இல்லை, ஒட்டவும் நாமே ஒட்டவேண்டும். விலையைப் பார்த்தேன். மாதுங்கா மார்க்கெட்டில் எங்கள் ஒரு மாதக் காய்கறிக் கணக்கு.

முன்னோர் ஆய்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1824-இல் பிரஷ்யாவில் ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்காக ரைஸ்விட்ஸ் என்பவர் இப்படி ஓர் ஆட்டத்தை முறைப்படுத்தினார். 1913-இல் எச். ஜி. வெல்ஸ் தகரச் சிப்பாய்களை வீட்டுத் தரையில் நிறுத்தி ஆட விதிகள் எழுதினார். 1983-இல் இங்கிலாந்தில் வார்ஹேமர் வந்தது. இவற்றின் கடைக்குட்டிதான் சிறுசண்டை வகை. பக்கத்துக்கு ஐந்திலிருந்து பதினைந்து பேர், ஒவ்வொருவருக்கும் தனி நகர்வு, தனித் தலையெழுத்து. மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு என்று கோயில் கல்தளத்தில் கோடு கிழித்து ஆடியவர்களுக்கு இதில் பெரிய வியப்பு இராது. சமமில்லாத இரு படைகளைச் சமமாக மோதவிடும் கணக்கை ஆட்டுக்காரர்கள் எப்போதோ போட்டு முடித்துவிட்டார்கள்.

ஆகவே என் கருதுகோள்: தமிழ் வீட்டில் படை ஏற்கெனவே இருக்கிறது, பரணில், பழைய வேட்டிக்குள்.

படைதிரட்டலில் முதல் சிக்கல் இறையியல் சார்ந்தது. தசாவதாரத்தை இறக்கினால் ஆட்டம் ஒரே சுற்றில் முடியும் என்று பேரன் கணக்கிட்டான். பரசுராமர் கையில் கோடரி வேறு. சமையலறையிலிருந்து தீர்ப்பு வந்தது: சாமி பொம்மைகளைத் தொடக்கூடாது. எஞ்சியவை கல்யாண செட்டு, கிரிக்கெட் செட்டு, மரப்பாச்சித் தம்பதி, செட்டியார் தம்பதி. கல்யாணக் கோஷ்டி என் பொறுப்பு. கிரிக்கெட் அணியைப் பேரன் எடுத்துக்கொண்டான். பதினொருவரிடமும் மட்டை இல்லை என்பதை அவன் தாமதமாகத்தான் உணர்ந்தான். நாகஸ்வரம் நீளமான ஆயுதம் என்பதை நான் உடனே உணர்ந்தேன்.

செட்டியாரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் நெடுநேரம் போயிற்று. முன்னால் அரிசி, பருப்பு, வெல்லம் பரப்பி உட்கார்ந்திருப்பவர் எந்தப் போரிலும் சாவதில்லை, இரு தரப்புக்கும் விற்பார் என்று விதி எழுதினோம். இன்றுவரை அதற்குத் திருத்தம் தேவைப்படவில்லை.

இரண்டாவது சிக்கல் அளவு. இவ்வகை ஆட்டங்களில் பொம்மையின் உயரம் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். களம் மூன்றடிக்கு மூன்றடி. ஒரு நகர்வு ஏறக்குறைய ஆறு அங்குலம். எங்கள் மாப்பிள்ளையோ ஐந்து அங்குலம். விகிதப்படி அவர் ஒரு நகர்வில் இருபத்தேழு அங்குலம் போகவேண்டும். இரண்டாவது நகர்வில் மேசையிலிருந்து விழுவார். கொலுவில் விகிதம் பார்க்கும் வழக்கம் கிடையாது. யானையைவிடப் பெரிய கிளியைப் பார்த்து இதுவரை எந்த மாமியும் முகம் சுளித்ததில்லை. வெல்ஸ் தரையில் ஆடியதன் காரணம் அப்போது புரிந்தது. ஹாலில் பாயைச் சுருட்டினோம்.

சாணால் அளக்கலாம் என்றேன். என் சாண் ஒன்பது அங்குலம், பேரனுடையது ஏழு. அவன் சட்டரீதியாக ஆட்சேபித்தான். ஆகவே தாராவி தொண்ணூறடிச் சாலைக்குப் போய், தையல்காரர் ஒருவரிடம் அறுபது அங்குல இஞ்ச் டேப் ஒன்று வாங்கினேன்.

"யாருக்குண்ணே அளவு?" என்றார்.

"மாப்பிள்ளைக்கு."

"கூட்டிட்டு வந்திருக்கலாமே."

விளக்கவில்லை.

நிலப்பரப்புக்குச் செலவே இல்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் சாயமேற்றிய மரத்தூளைப் புல் என்று பொட்டலம் கட்டி வாங்குகிறார்கள். கொலுப் பூங்கா போடுகிற வீட்டில் அது வருஷாவருஷம் மிஞ்சுவது. முகம் பார்க்கும் கண்ணாடி குளம். முளைவிட்ட கடுகு ஒளிந்திருக்க ஏற்ற காடு. பத்தாம் நாள் மஞ்சளித்துச் சாய்ந்துவிடுவதால் மறைவு பாதியாகக் குறையும் என்று விதியில் சேர்த்தோம். எதிரி தெரிகிறானா என்று பார்க்க, பொம்மையின் கண்மட்டத்துக்குக் குனியவேண்டும். அறுபது வயதுக்கு மேல் இதுவே ஆட்டத்தின் கடினமான பகுதி.

(பெட்டி வாங்கித்தான் தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள். ஈரம் பட்டுப் பூச்சு வெளுத்துப் பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும்.)

பகடைக்குத் தாயக்கட்டையை எடுத்தோம். தாயம் விழாமல் யாரும் களமிறங்கக்கூடாது என்று நான்தான் வற்புறுத்தினேன். வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகம் கொண்ட இரு கட்டைகள். தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் விழாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. முதல் மாலை முழுவதும் கல்யாணக் கோஷ்டி மண்டபத்தைவிட்டு வெளியே வரவில்லை. எதிரணியில் விக்கெட் கீப்பர் மட்டும் இறங்கி, தனியாக நடந்துபோய்ச் செட்டியாரிடம் வெல்லம் வாங்கினார். தொடங்குவது கடினம் என்ற பொதுநம்பிக்கைக்கு எங்களிடம் இருக்கும் ஒரே புள்ளிவிவரச் சான்று இதுதான்.

நான்காம் நாள் மரப்பாச்சியைத் தலைவராக்கினேன். மரம் என்பதால் விழுந்தால் உடையாது, மற்றவர்கள் மண். இந்த வேறுபாட்டின் ராணுவ முக்கியத்துவம், அவர் தவில்காரர்மேல் விழுந்தபோது தெளிவாயிற்று.

வாசகர்களுக்கு வேண்டுகோள்: மாதுங்கா, செம்பூர், தாராவி வட்டாரத்தில் யாரிடமாவது ஜோடி இழந்த தவில்காரர் ஒருவர், ஐந்து அங்குல உயரத்தில், இருந்தால் அடுத்த நவராத்திரிக்குள் தந்துதவவும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.