ஆம்பியர் ரேஷன்

அமெரிக்காவில் காசில்லாமல் கிடைப்பவற்றுள் பாலைவனமும் ஒன்று. மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் நில நிர்வாகத் துறையிடம் பொட்டல்வெளி ஏராளமாகக் கிடக்கிறது. பெரும்பாலான இடங்களில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, வாடகையில்லாமல் 14 நாள் வரை குடியிருக்கலாம். அதற்குப் பிறகு வேறு பொட்டல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசோனாவின் குவார்ட்ஸைட் என்ற ஊரைச் சுற்றிக் குளிர்காலம் முழுக்கத் தங்குவதற்கென்றே தனிப் பேட்டைகள் உண்டு. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஏழு மாதத்துக்கு 180 டாலர். அந்தக் காசுக்கு பீனிக்ஸில் நல்ல ஓட்டலில் இரண்டு ராத்திரி தங்கினால் அதிகம்.

காசு வாங்காதவர்கள் எதையும் தரவும் மாட்டார்கள். காசு வாங்கும் முகாம்களில் வண்டிக்கு ஒரு கம்பம் நட்டு, 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று பிளக் வைத்திருப்பார்கள். இங்கே நட்டிருப்பது கள்ளிச்செடி மட்டும்தான், அதையும் யாரும் நடவில்லை. காருக்குப் பின்னால் நாங்கள் இழுத்துவரும் டிரெய்லர் வீட்டில் விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டார், ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கின்றன. அத்தனைக்கும் கதி, முன்பக்கம் காஸ் சிலிண்டரை ஒட்டிக் கறுப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி.

இந்த ஏற்பாட்டை நானும் மனைவியும் ஒருமாதிரி சமாளித்து வந்தோம். இந்தக் குளிர்காலத்தில் திருச்சியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். மாமனார் வட்ட வழங்கல் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அரிசி, சர்க்கரை, பாமாயில், மண்ணெண்ணெய் என்று அரசாங்கம் அளந்து கொடுப்பவை அனைத்தும் அவர் கையெழுத்தைப் பார்த்திருக்கின்றன. 2012-இல் சென்னைக்கு வெளியே இருந்த தமிழ்நாடே மின்வெட்டில் வெந்தபோது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பழகியவர் என்பது கூடுதல் தகுதி.

குவார்ட்ஸைட்டில் இறங்கியதும் கறுப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"எத்தனை ஏ.ஹெச். மாப்பிள்ளை?"

"80 மாமா."

"திருச்சி வீட்ல ரெண்டு ஃபேன், நாலு லைட்டுக்கு 150 ஏ.ஹெச். டியூபுலர் வச்சிருக்கேன். இவ்வளவு பெரிய வண்டிக்கு 80ஆ?"

"அதுலயும் பாதிதான் மாமா எடுக்கலாம்."

ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, சீக்கிரமே மண்டையைப் போட்டுவிடும் என்று விளக்கினேன். அவர் விளக்கத்தைக் காதில் வாங்கவில்லை. "மேலே 80னு எழுதிட்டு 40தான் கொடுக்கிறானா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். "எடைக்குறைவுன்னு எத்தனையோ கடைக்குப் போய் விசாரிச்சிருக்கேன். பாதிக்குப் பாதி அடிக்க எவனும் துணிஞ்சதில்ல."

சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு வெளியே வந்தது. மொத்த இருப்பு 40 ஏ.ஹெச்., அதாவது ஆம்பியர்-மணி, ஒரு நாளைக்கு. எங்கள் டிரெய்லரில் பொது விநியோகத் திட்டம் அமலுக்கு வந்தது அப்போதுதான்.

மகளுக்கு முன்னுரிமை அட்டை. பதினொரு வயதுப் பேத்திக்கு அரை யூனிட். எனக்குச் சர்க்கரை அட்டை. அதாவது, பெயருக்கு ஒரு கார்டு இருக்கும், அரிசி கிடைக்காது. படுக்கைக்கு மேலே ஒரு எல்.இ.டி. விளக்கு, நாளுக்கு ஒரு தடவை போன் சார்ஜ், அவ்வளவுதான் எனக்கு. மனைவி கொண்டுவந்திருந்த, முடியை நேராக்கும் கருவிக்கு எந்தப் பொருளும் இல்லா அட்டை வழங்கப்பட்டது. அவள் மேல்முறையீடு செய்தாள். "ஸ்டாக் இல்லம்மா" என்று பதில் வந்தது. அந்த இரண்டு வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் இருந்த சரளம், பணிக்காலம் முழுவதும் சொல்லித் தேர்ந்தால்தான் வரும்.

அளந்து கொடுக்க உட்கார்ந்தவருக்கு எது எவ்வளவு தின்கிறது என்று தெரிய வேண்டுமே. கேட்டுக் கேட்டு எழுதினார். அந்தக் கணக்கில்தான் எங்களுக்கே பல விஷயம் வெளிச்சமாயிற்று.

முதல் அதிர்ச்சி ஹீட்டர். அது காஸில் எரிவது. ஆனால் சூட்டை வீட்டுக்குள் தள்ள ஒரு விசிறி வேண்டும். அந்த விசிறி 8 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேர ராத்திரியில் விட்டுவிட்டுப் பாதி நேரம் ஓடினாலும் 40 ஆம்பியர்-மணி. அதாவது மொத்த ஊருக்கும் வந்த சரக்கை ஒரே கார்டு வாங்கிக்கொண்டு போகிறது. "காஸ் அடுப்புக்குக் கரண்டு கேக்கிற ஊரை இப்பதான் பார்க்கிறேன்" என்றார். தெர்மோஸ்டாட் அணைக்கப்பட்டது. திருச்சியிலிருந்து வந்த பெட்டிக்குள்ளிருந்து குரங்குக் குல்லாய்கள் எடுத்து விநியோகிக்கப்பட்டன. ஆளுக்கு ஒன்று, யூனிட் வித்தியாசம் பாராமல். குரங்குக் குல்லாய்க்கு பூஜ்யம் ஆம்பியர்-மணி என்று நோட்டில் ஒரு வரி இருக்கிறது, நான் பார்த்தேன்.

ஃபிரிட்ஜ் இதற்கு நேர் எதிர். அதுவும் காஸில்தான் ஓடுகிறது. கீழே சின்ன நெருப்பு எரிய, மேலே தயிர் குளிர்கிறது. அமோனியா கொதித்துச் சுற்றிவந்து சூட்டை வெளியே கொண்டுபோகும் பழைய தொழில்நுட்பம். கட்டுப்பாட்டு அட்டைக்குக் கொஞ்சூண்டு மின்சாரம் போதும். மாமனாருக்கு இது பிடித்துப்போயிற்று. நெருப்பு வைத்துக் குளிரவைக்கிறான், அதற்குக் கரண்டு கேட்கவில்லை. நெருப்பு வைத்துச் சூடாக்குகிறான், அதற்குக் கேட்கிறான். இதில் ஏதோ ஊழல் இருப்பதாக அவர் இன்றைக்கும் நம்புகிறார்.

எல்லோரும் குற்றவாளி என்று நினைத்தது மிக்ஸியைத்தான். போடும் சத்தம் அப்படி. இங்கே விற்கும் 110 வோல்ட் மிக்ஸி 550 வாட். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 50 ஆம்பியர் இழுக்கிறது. வோல்டேஜ் தடாலென்று இறங்கி, இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தும். ஆனால் தேங்காய்ச் சட்னிக்கு மூன்று நிமிஷம்தான். கணக்குப் போட்டால் இரண்டரை ஆம்பியர்-மணி. மாமியார் நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. சட்னி அரைத்து முடித்த பிறகு அந்த இன்வெர்ட்டரை அணைக்காமல் விட்டால், எதையும் ஓட்டாமல் சும்மா விழித்திருப்பதற்கே விடிவதற்குள் எட்டு ஆம்பியர்-மணி வரை அது தின்றுவிடும். சட்னியைவிட மூன்று மடங்கு.

"போலி கார்டு" என்றார் மாமனார். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. ஆள் இருக்க மாட்டான், பெயரில் சரக்கு மட்டும் போய்க்கொண்டிருக்கும். டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டி முழுக்கத் தணிக்கை நடந்தது. யாரும் கேட்காத ரேடியோவில் மணி காட்டும் விளக்கு, ஒரு போலி. டி.வி. ஆன்டெனாவின் பூஸ்டர், ஒரு போலி. காஸ் கசிவு கண்டுபிடிக்கும் கருவியின் பச்சை விளக்கையும் ரத்து செய்யக் கை நீட்டினார். அது உயிரைக் காப்பாற்றுவது, அதைத் தொடக் கூடாது என்று நான் குறுக்கே விழுந்தேன். சர்க்கரைக் கார்டுக்காரன் அலுவலரை மறித்தது அந்த ஒரு தடவைதான். அந்தக் கருவி நன்றி பாராட்டவில்லை. பேட்டரி இறங்கினால் அதிகாலை மூன்று மணிக்குச் சரியாகத் தலைமாட்டில் நின்று கீச்சிடும். பேட்டரி பகலில் இறங்கி அது கத்தியதாக நான் யாரிடமும் கேள்விப்பட்டதில்லை.

சுவரில் பட்டனை அழுத்தினால் இருப்பு காட்டும் விளக்கு வரிசை ஒன்று உண்டு. சார்ஜ் ஏறும்போது அழுத்தினால் எல்லா விளக்கும் எரியும். மோட்டார் ஓடும்போது அழுத்தினால் பாதி எரியும். உண்மை மட்டும் எதிலும் எரியாது. பேட்டரியை ஓய்வாக விட்டு மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் ஓரளவு தெரியும்: 12.7 வோல்ட் என்றால் முழு இருப்பு, 12.2 என்றால் பாதி. இந்த அரை வோல்ட்டுக்குள் எங்கள் குடும்ப வாழ்க்கை நடந்தது.

வரவுக் கணக்குக்கு 100 வாட் சோலார் தகடு ஒன்று. நல்ல வெயிலில் நேராகத் திருப்பி வைத்தால் ஐந்து ஆம்பியர் தரும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும் என்பதால் தகட்டையும் சாய்த்து, மணிக்கொரு தரம் திருப்ப வேண்டும். மாமனார் நாற்காலி போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் அவர் கண்ணசந்த நேரத்தில் வரவு இரண்டு ஆம்பியருக்கு விழுந்தது. வானத்தில் மேகமில்லை. போய்ப் பார்த்தால் தகட்டின் மேல் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"இவ்வளவு வெயில் சும்மா போகுதேன்னு வச்சேன்" என்றார் மாமியார்.

தகட்டில் செல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்பட்டிருக்கும். சிலவற்றை மறைத்தாலே மற்றவற்றின் வரவும் படுத்துவிடும். நாற்பது மிளகாய் மூன்று ஆம்பியரைத் தின்றது இப்படித்தான். பணிக்காலத்தில் எந்தச் சிபாரிசுக்கும் மசியாதவர் என்று பெயரெடுத்த மனிதர் சொந்த மனைவியிடமே பறிமுதல் நடத்தினார். மிளகாய் காரின் கூரைக்கு மாறியது. அவருக்கு ராத்திரி ரசம் வந்தது, தொட்டுக்கொள்ள ஒன்றும் வரவில்லை.

பக்கத்துப் பொட்டலில் ஓர் அமெரிக்கப் பாட்டி. வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே வாழ்கிறவர். கூரை முழுக்கச் சோலார், படுக்கைக்கடியில் 400 ஏ.ஹெச். லித்தியம். ராத்திரி எட்டு மணிக்கு மைக்ரோவேவ் ஓட்டுவார். காற்றில் பாப்கார்ன் வாசனை வரும். எங்கள் வண்டிக்குள் ஐந்து பேர் குரங்குக் குல்லாயுடன் ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்திருப்போம். "ஒத்தை ஆளுக்கு 400ஆ?" என்று மாமனார் முணுமுணுத்தார். "நம்ம ஊரா இருந்தா பதுக்கல் கேஸ்ல உள்ள போயிருக்கும் இந்தம்மா."

ஆனால் அந்தம்மாதான் விசிறியில்லாத சின்ன காஸ் ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மின்சாரமே வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. மறுநாளே கடைக்குப் போய் ஒன்று வாங்கினோம். பதுக்கல் கேஸ் வாபஸ் ஆனது. பதிலுக்குக் காரின் கூரையில் காய்ந்த மோர்மிளகாய் கொஞ்சம் அந்தம்மாவுக்குப் போயிற்று. பாப்கார்னோடு சாப்பிட்டாராம். அடுத்த நாள் காலைவரை வெளியே காணவில்லை.

அங்கிருந்து கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். அந்தப் பூங்காவின் எந்த முகாமிலும் மின்கம்பம் கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டவும் நேரம் குறித்திருக்கிறார்கள்: காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7. ஈய பேட்டரியோ முதல் எண்பது சதவீதத்தை மளமளவென்று வாங்கிக்கொண்டு, மிச்ச இருபதுக்கு மணிக்கணக்கில் கொட்டாவி விடும் சாதி. இரண்டு மணி நேரக் கடைக்கு அது ஒத்துவராது. பாட்டியின் பாப்கார்ன் வாசனை வேறு மனைவியின் மூக்கை விட்டுப் போகவில்லை. கிளம்புவதற்கு முன் ஊருக்குத் திரும்பி 100 ஏ.ஹெச். லித்தியம் பேட்டரி வாங்கிவிட்டோம்.

பழையதில் பாதி எடை. 100 என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய நூறையும் கொடுக்கும். போனிலேயே இருப்பு சதவீதமாகத் தெரியும். ஒதுக்கீடு 40-இலிருந்து ஒரே நாளில் இரட்டிப்புக்கு மேல் ஆனதும் அட்டைதாரர்கள் தறிகெட்டுப் போனார்கள். ஹீட்டர் மறுபடி ஓடியது, முடி நேரானது, பேத்தி முழு யூனிட் கேட்டாள். மாமனார் நோட்டை மூடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரிட்டயர் ஆன அன்று உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார் என்று மாமியார் சொன்னார்.

ஜோஷுவா ட்ரீயில் ஜம்போ ராக்ஸ் முகாம் 1,300 மீட்டர் உயரம். முதல் ராத்திரி குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. காலையில் ஏழு மணிக்கு ஜெனரேட்டரைப் போட்டால் ஓர் ஆம்பியர்கூட ஏறவில்லை. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் அதற்கு உள்காயம். அதனால் உள்ளேயிருக்கும் காவல் சர்க்யூட் வாசலை அடைத்துவிட்டது. கரண்டு கொடுப்பதில் அதற்குத் தடையில்லை; வாங்கத்தான் மாட்டேன் என்கிறது.

"மாமா, சார்ஜ் ஏறணும்னா பேட்டரி சூடாகணும்."

"சூடாக்க?"

"ஹீட்டர் போடணும்."

"ஹீட்டர் விசிறிக்கு?"

"பேட்டரிலேர்ந்து எடுக்கணும்."

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கறுப்புப் பெட்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, ஒயரை நீட்டி, கட்டிலுக்கடியில் வைக்கச் சொன்னார். அங்கே ஏற்கெனவே கம்பளி சுற்றிய தூக்கு ஒன்று இருந்தது. மாமியாரின் தோசை மாவு, புளிக்க வைத்தது.

"அதைக் கொஞ்சம் தள்ளி வைடி."

"மாவு புளிக்கலைன்னா நாளைக்குத் தோசை கிடையாது" என்றார் மாமியார், தூக்கைத் தொடவிடாமல்.

பேச்சுவார்த்தை இருட்டும்வரை நடந்தது. அன்று ராத்திரி ஹீட்டர் இரண்டு மணி நேரம் ஓட அனுமதி கிடைத்தது. நோட்டு மறுபடி திறந்து, புதுப் பக்கத்தில் இரண்டு அட்டைதாரர்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். பெயர்: தோசை மாவு, ஒரு யூனிட். பெயர்: பேட்டரி, ஒரு யூனிட். முகவரி இருவருக்கும் ஒன்றே. என் சர்க்கரை அட்டை அவர்களுக்குக் கீழே இருந்தது.