பொங்காலை நாளில் வலி வந்தால்?

கேள்வி: மனைவிக்கு மாசியில் பிரசவம். வகுப்பு, யோகா, வீடியோ என்று திணறுகிறோம். எவ்வளவு தயாரிப்பு வேண்டும்?
– ஒரு வாசகர், கரமனை, திருவனந்தபுரம்

பதில்: மாசியா? அப்படியானால் முதல் பாடம், பெண்கள் தெருவில் பொங்கலிடும் ஆற்றுகால் பொங்காலை! அன்று உங்கள் தெருவெல்லாம் செங்கல் அடுப்பு, கார் நகராது. அந்த நாளுக்கு என்ன ஏற்பாடு என்று டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள். ஆம்புலன்ஸ் எண் 108 மனப்பாடமாக இருக்கட்டும். உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், விடாத தலைவலி, குழந்தையின் அசைவு குறைதல்: எது வந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். மூச்சுப்பயிற்சிக்கு ஒரு வகுப்பு போதும். பிரசவம் பார்ப்பவர்களுக்குத்தான் பெரிய படிப்பு. உங்கள் ஊர் தைக்காடு மருத்துவமனையில் அந்தக் காலத்தில் பணியாற்றிய டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கே முறையான பயிற்சி தந்தார். நீங்கள் வீடியோவை அணைத்துவிட்டு மனைவிக்கு முதுகு நீவிப் பழகுங்கள்; வலி நேரத்தில் அதைத்தான் கேட்பார்.